பதினான்காம் பக்கத்தைத் திருத்துங்கள்: நம் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அண்ணாச்சிக்கும், செயலாளர் அண்ணனுக்கும், ஆண்டுவிழாக் குழுவினர் அனைவருக்கும்,

விழா மலரின் பதினான்காம் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'பார்த்து ஓகே சொல்லும்மா, திங்கட்கிழமை அச்சுக்குப் போகணும்' என்று கேட்டிருந்தீர்கள். பார்த்தேன். ஓகே சொல்ல முடியவில்லை. போனில் செயலாளர் அண்ணனிடம் காரணத்தைச் சொன்னேன். 'நல்லதை மட்டும் போடுவோமே, பழசை எதுக்குக் கிளறிக்கிட்டு' என்றார். எது நல்லது என்பதில்தான் நமக்குள் தகராறு. அதனால் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். சங்கத்தின் பெயரையும் உங்கள் பெயர்களையும் எழுதவில்லை. மும்பை தாராவியில் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும், வெளியில் இருப்பவர்களுக்கு அது தேவையில்லை.

அந்தப் பக்கத்தில் என்னைப் பற்றிப் பதினோரு வாக்கியங்கள் இருக்கின்றன. தலைப்பு 'தாராவி தந்த குட்டி நட்சத்திரம்'. ஐந்து வயதிலேயே கேமராவுக்கு அஞ்சாதவள், முதல் படத்திலேயே ஒரே டேக்கில் அழுது டைரக்டரைக் கண்கலங்க வைத்தவள், நடிப்பையும் படிப்பையும் இரு கண்களாகப் பார்த்தவள், ஏழ்மையைத் தன் திறமையால் வென்றவள், இன்னொரு ஸ்ரீதேவி. இதற்கு எதிர்ப்பக்கத்தில், பதினைந்தில், 'உங்கள் குழந்தையும் நட்சத்திரமாகலாம்' என்று முழுப்பக்க அறிவிப்பு. மே விடுமுறையில் இரண்டு நாள் தேர்வு, நாலு வயது முதல் பன்னிரண்டு வரை. நுழைவுக் கட்டணம் 500 ரூபாய், போட்டோ ஆல்பத்துக்குத் தனியாக 3,500. அந்தேரியிலிருந்து காஸ்டிங் ஆட்கள் நேரில் வருகிறார்கள், தேர்வானால் நேராக ஷூட்டிங். கடைசியில் பொடி எழுத்தில்: பின்விளைவுகளுக்குச் சங்கம் பொறுப்பல்ல.

பதினாலாம் பக்கம் இல்லாமல் பதினைந்தாம் பக்கம் விலை போகாது. என் கதை எதற்காக வேண்டியிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

1996. எனக்கு அப்போது ஏழு வயது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவிப்பாள். அப்பா அதை அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, சைக்கிள் பின்னால் கட்டி, ஹாரனை அமுக்கிக்கொண்டே மாஹிம், பாந்திரா வரை போய் விற்றுவிட்டு வருவார். மாஹிமில் அவரிடம் தினமும் இட்லி வாங்கித் தின்கிற ஒருவர், படங்களுக்கு ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் பிடித்துக் கொடுக்கிற கோஆர்டினேட்டர். 'உன் வீட்டில் சின்னப் பெண் இருக்கா?' என்று ஒருநாள் கேட்டார். இருக்கு என்றார் அப்பா. என் திரையுலகப் பிரவேசம் என்று நீங்கள் எழுதியிருப்பது இதைத்தான். நாலு இட்லி, கொஞ்சம் சட்னி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் சந்திலிருந்து ஐந்து பிள்ளைகளை அந்தேரியில் ஓர் ஆபீசுக்குக் கூட்டிப்போனார்கள். அம்மா எனக்கு எண்ணெய் தேய்த்து வழித்துச் சீவி, பொங்கலுக்கு எடுத்த பாவாடை சட்டையைப் போட்டுவிட்டாள். அங்கிருந்த மேடம் என்னைப் பார்த்ததும் முகம் சுளித்துத் தலையைக் கலைத்துவிட்டார். மோவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். 'கரீப் லக்தீ ஹை, சலேகீ' என்றார். அம்மாவுக்கு இந்தி புரியவில்லை. கோஆர்டினேட்டர், 'பிடிச்சிருக்காம்' என்று சொன்னார். அந்த வாக்கியத்துக்குச் சரியான அர்த்தத்தை அம்மாவிடம் நான் சொன்னது பல வருடம் கழித்து: 'ஏழை மாதிரி இருக்கா, போதும்.' யாரும் என்னை ஆடச் சொல்லவில்லை, பாடச் சொல்லவில்லை, பெயரைக்கூடக் கேட்கவில்லை. அதே அறையில் வெள்ளை வெளேர் என்று ஃப்ராக் போட்டு நின்ற ஒரு பெண்ணைக் கதாநாயகியின் மகளாக எடுத்துக்கொண்டார்கள். என்னை அந்த வீட்டு வேலைக்காரியின் மகளாக. ஏழ்மையைத் திறமையால் வென்றேன் என்கிறீர்களே, அன்றைக்கு என் ஏழ்மைதான் என் திறமை.

எனக்கு ஆறு வசனம். என் அண்ணன் அதைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தான். நம் ஒரே 'க'வை வைத்துக்கொண்டு அவர்களுடைய நாலு ககரத்தையும் நான் என்ன செய்வேன்! வாயைத் திறந்தபோதெல்லாம் யூனிட்டே சிரித்தது. கடைசியில் யாரோ ஒரு பெரிய பெண் குழந்தைக் குரலில் எனக்கு டப்பிங் பேசினார். படத்தில் வருவது என் குரல் இல்லை. டிவியில் அந்தப் படம் போடும்போதெல்லாம் அம்மா, 'என் பிள்ளை குரலை எங்க கொண்டுபோய் வச்சாங்களோ' என்பாள்.

இனி அந்த 'ஒரே டேக்'.

கோரேகாவ் ஃபிலிம் சிட்டி. ரயில்வே பிளாட்ஃபார செட். கூட்டத்தில் தாயைத் தொலைத்துவிட்டு அழ வேண்டும். காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள், இரவு எட்டு மணிக்குத்தான் என் ஷாட் வந்தது. அதற்குள் நான் இரண்டு முறை தூங்கி எழுந்திருந்தேன். கிளிசரின் போட்டார்கள். எரிந்ததில் கண்ணைக் கசக்கிக் கசக்கி மேக்கப்பைக் கெடுத்தேன். 'ஒன் மோர்', 'ஒன் மோர்' என்று எத்தனை போனது என்று எண்ணவில்லை. ஹீரோயின் மேடம் வாட்சைப் பார்த்தார். அதற்கப்புறம் ஓர் உதவி டைரக்டர் வந்து அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். இன்னொருவர் என்னிடம் குனிந்து இந்தியில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், மேலே லைட் பிடித்துக்கொண்டிருந்த நம் ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டுத் தமிழில் சொல்லச் சொன்னார்கள். அவர் சொன்னார்: 'பாப்பா, உங்கம்மா உன்னை விட்டுட்டு ஊருக்கு ரயில் ஏறிட்டாங்க. இனிமே நீ இங்கதான் இருக்கணும்.'

நான் ஓடினேன். ஓடிய இடத்திலெல்லாம் ஆட்கள் நின்றார்கள், பெட்டி தூக்கிக்கொண்டு, டீ விற்றுக்கொண்டு. எல்லாம் ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள், எனக்கு அவர்கள் நிஜக் கூட்டம். கேமரா என் பின்னாலேயே வந்தது. கட் சொன்னதும் எல்லாரும் கைதட்டினார்கள். டைரக்டர் தூக்கிக்கொண்டு சாக்லேட் கொடுத்தார். கண்கலங்கினாரா என்று நான் பார்க்கவில்லை. அம்மா ஒரு தட்டிக்குப் பின்னாலிருந்து வந்தாள். சத்தம் போட்டால் ஷாட் கெட்டுவிடும், பிள்ளைக்கு மறுபடி கஷ்டம் என்று சொல்லி அங்கே நிறுத்தி வைத்திருந்தார்களாம். நான் கத்தியது முழுவதையும் நின்று கேட்டிருக்கிறாள். அந்த லைட்காரர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை.

அந்தக் காட்சியை இப்போதும் பார்க்கலாம். குரல் 'மா, மா' என்று இந்தியில் கேட்கும். உதட்டை உற்றுப் பாருங்கள், 'அம்மா' என்று இருக்கும். அந்தப் படத்தில் நான் தமிழில் பேசிய ஒரே வார்த்தை, நடிக்காமல் சொன்ன ஒரே வார்த்தையும் அதுதான். அதைப் பார்த்துத்தான் இன்னும் பத்துப் படத்துக்குக் கூப்பிட்டார்கள். நீங்கள் 'திருப்புமுனை' என்று எழுதியிருப்பது சரியான சொல்தான். எனக்கு அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருடம், கூட்டமான பிளாட்ஃபாரத்தில் அம்மாவின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் ரயில் ஏற வராது. தாதர் ஸ்டேஷனில் சாயங்காலம் ஆறு மணிக்கு அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இது யாரோ ஒரு மோசமான ஆள் செய்தது என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இது பழைய தொழில்முறை. 1931-ல் ஹாலிவுட்டில் 'ஸ்கிப்பி' என்ற படத்தில் ஜாக்கி கூப்பர் என்ற சிறுவனை அழ வைக்க, அவன் நாயைச் சுட்டுவிடுவதாக மிரட்டினார்கள். அந்த டைரக்டர் பையனுக்கு மாமா முறை வேறு. டைரக்டருக்கு ஆஸ்கர் கிடைத்தது. பையனின் பெயர் ஒன்பது வயதில் சிறந்த நடிகர் பரிந்துரைப் பட்டியலில் வந்தது. அம்பது வருடம் கழித்து அவர் எழுதிய சுயசரிதைக்கு அந்த நாயைத்தான் தலைப்பில் வைத்தார். இதைப் படித்தபோது நான் தனி ஆள் இல்லை என்று ஒரு மாதிரி ஆறுதலாகக்கூட இருந்தது, வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன்.

'இன்னொரு ஸ்ரீதேவி' என்ற வரிக்கும் வருகிறேன். ஸ்ரீதேவியை எனக்குக் கொள்ளை ஆசை, அவருடன் என்னை ஒப்பிட்டால் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒப்பிடுபவர்கள் கணக்கையும் பார்க்க வேண்டும். 1963-ல் சிவகாசிப் பக்கம் மீனம்பட்டியில் பிறந்தவர். 1969-ல் 'துணைவன்' படத்தில் முருகனாக வந்தார். 1976-ல் 'மூன்று முடிச்சு' வந்தபோது அவருக்கு வயது 13. அந்த வயதில் அவர் நடித்தது, ரஜினிகாந்தின் அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு ரஜினிக்கே சித்தியாகிற பாத்திரத்தில். எட்டாவது படிக்கிற வயது. அவர் தாங்கினார், ஜெயித்தார், இந்தி வரைக்கும் போனார், 2013-ல் பத்மஸ்ரீ வாங்கினார். அந்தக் கதையில் குழந்தைப்பருவம் என்று எந்த வருடத்தைச் சொல்வது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எங்கள் ஆச்சியின் பெயர் சரோஜா. 1937-ல் 'பாலயோகினி' வந்து பேபி சரோஜா பிரபலமான பிறகு, பிறந்த பெண்பிள்ளைகளுக்கெல்லாம் சரோஜா என்று பெயர் வைத்தார்களாம். ஆச்சியும் அந்தக் கணக்கில் ஒருத்தி. எனக்கு முதல் படம் கிடைத்தபோது நெல்லையிலிருந்து கடிதம் எழுதச் சொல்லி அனுப்பினாள்: 'பேர் எனக்கு வச்சாங்க, யோகம் உனக்கு வந்திருக்கு.' குழந்தை நட்சத்திரம் என்றால் நமக்கு ஒரு மயக்கம் உண்டு, அது இன்று நேற்று வந்ததில்லை. அதனால்தான் உங்கள் மேல் எனக்குக் கோபம் குறைவு. பயம்தான் அதிகம்.

சந்தோஷம் இல்லாமலும் இல்லை. சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி பிடிக்கும். ஷூட்டிங்கில் டீ, சாப்பாடு கொடுக்கிற ஸ்பாட் தாதா ஒருவர் எனக்கென்று தனியாக பிரெட்டில் வெண்ணெய் தடவி எடுத்து வைப்பார். முதல் முறை ஏசி அறையில் உட்கார்ந்தது மேக்கப் ரூமில்தான். டைட்டிலில் என் பெயர் எழுத்துப்பிழையோடு வந்தது, அதற்கே சந்து முழுக்க ஜிலேபி கொடுத்தார் அப்பா.

பணம்? முதல் படத்துக்கு 15,000 என்று வாயால் பேசியது. கையெழுத்து ஏதும் இல்லை. கோஆர்டினேட்டர் கால் பங்கு எடுத்தார். நாலு மாதம் அலைந்து 7,000 வந்தது, மீதி வரவே இல்லை. வந்ததில் அடகில் இருந்த அம்மாவின் கம்மல் திரும்பியது. இன்னொரு இட்லிக் கொப்பரை வாங்கினோம். அப்பாவுக்குக் காசநோய் வந்து சைக்கிள் ஓட்ட முடியாமல் போன வருடம், வீட்டில் சம்பளக்காரி நான்தான். எனக்குப் பத்து வயது. பூக்காரப் பெண், சிக்னலில் கையேந்துகிற பெண், டீக்கடைப் பையன் (முடியை வெட்டிவிட்டார்கள்), இந்த வேடங்கள்தான். அப்பாவின் பாலும் முட்டையும் என் ஷிஃப்டிலிருந்து வந்தன. அதில் எனக்குப் பெருமை இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் காய்ச்சல் வந்த அன்று ஷூட்டிங் போக மாட்டேன் என்று சொல்லத் தோன்றாத அளவுக்குப் பெருமை. அம்மா அப்பாவைக் குறை சொல்லவில்லை. குறை சொல்கிற வசதி எங்களுக்கு இருக்கவில்லை. என் பெயரில் ஒரு ரூபாய்கூட எந்த வங்கியிலும் இல்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

'நடிப்பும் படிப்பும் இரு கண்கள்' என்கிறீர்கள். நாலாம் வகுப்பை இரண்டு முறை படித்தேன். லேட்டாகப் போனால் 'நடிகை வந்தாச்சு' என்று வகுப்பே திரும்பும். எஸ்.எஸ்.சி. என்கிற பத்தாம் வகுப்புப் பரீட்சை மூன்றாவது முயற்சியில் தேறியது. பன்னிரண்டு வயதில் மளமளவென்று வளர்ந்துவிட்டேன். பிச்சைக்காரக் குழந்தைக்குப் பெரியவள், வேறு எதற்கும் சின்னவள். முனைக் கடையில் இருந்த பொதுத் தொலைபேசிக்குத்தான் (பி.சி.ஓ.) எங்களுக்கு போன் வரும். வருவது நின்றது. யாரும் 'இனி வேண்டாம்' என்று சொல்லவில்லை, வெறுமனே நின்றது. அம்மா ஒரு வருடம் வரைக்கும் அந்தக் கடைக்காரரிடம் தினமும் கேட்டுவிட்டு வருவாள். நான் என்ன தப்பு செய்தேன் என்று யோசித்துக்கொண்டு படுத்திருப்பேன். இப்போது ஏற்றுமதி ஆபீஸ் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் உங்கள் பதினோரு வாக்கியத்தில் இந்தப் பன்னிரண்டு வயதுப் பெண் எங்குமே இல்லை.

அது 1996, இப்போது காலம் மாறிவிட்டது என்று செயலாளர் அண்ணன் சொன்னார். மாறியிருக்கிறது. எந்த அளவுக்கு என்று உட்கார்ந்து படித்தேன், நீங்களும் படித்திருப்பீர்கள் என்று நம்பித்தான் கேட்கிறேன். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டது. 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்று சொல்லிவிட்டு, குடும்பத் தொழிலில் உதவுவதற்கும் நடிப்பு போன்ற வேலைக்கும் விலக்குக் கொடுத்திருக்கிறது, அதுவும் பள்ளிப்படிப்பு கெடக்கூடாது என்ற நிபந்தனையோடு. 2017-ல் வந்த விதிகள் இன்னும் தெளிவாக இருக்கின்றன. நாளுக்கு ஐந்து மணி நேரம்தான், இடையில் ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. எனக்கு அழுகைக் காட்சிக்குக் காத்திருந்ததே பதினோரு மணி நேரம். தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஐந்து குழந்தைக்கு ஒருவராவது பொறுப்பாள் இருக்க வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் நிரந்தர வைப்பாகப் போக வேண்டும், பதினெட்டில் அது பிள்ளை கைக்கு வரும். குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக எதிலும் ஈடுபடுத்தக் கூடாது.

இதற்கெல்லாம் முன்னால், நிகழ்ச்சி நடக்கிற மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் உறுதிமொழி கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். படிவம் 'சி' என்று அதற்குப் பெயர், ஆறு மாதத்துக்குச் செல்லும். கோரேகாவிலோ அந்தேரியிலோ ஷூட்டிங் என்றால் மும்பை புறநகர் மாவட்டம், ஆட்சியர் அலுவலகம் பாந்திரா கிழக்கில். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த விதி சினிமாவுக்கும் சீரியலுக்கும் மட்டும் இல்லை, குழந்தைகள் பங்கேற்கிற வணிக நிகழ்ச்சிகளுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. தலைக்கு 500 ரூபாய் வாங்கி, நகைக்கடை பேனர் கட்டி, நம் மைதானத்தில் நடத்தப்போவது வணிக நிகழ்ச்சி இல்லை என்று யார் முன்னால் போய்ச் சொல்வீர்கள்? தாராவி மும்பை நகர மாவட்டம். அதன் ஆட்சியர் அலுவலகம் கோட்டைப் பகுதியில் ஓல்ட் கஸ்டம் ஹவுஸில், ரொம்ப தூரம் இல்லை. அனுமதி கேட்டீர்களா என்று கேட்டதற்கு, 'இது சும்மா ஃபங்ஷன்தானேம்மா' என்று பதில் வந்தது.

'தேர்வானால் நேராக ஷூட்டிங்' என்ற வரிதான் என்னை ராத்திரி தூங்கவிடவில்லை. யாருடன் போகும் அந்தப் பிள்ளை? அம்மா வேலைக்குப் போயிருந்தால்? மும்பைப் படவுலகம் கொண்டாடிய குழந்தை நட்சத்திரம் டெய்சி இரானி. ஆறு வயதில் மெட்ராஸுக்குப் படப்பிடிப்புக்கு வந்த இடத்தில், துணைக்கு என்று கூட வந்த பாதுகாவலராலேயே பாலியல் வன்முறைக்கு ஆளானதாக 2018-ல் வெளியே சொன்னார். சொல்வதற்கு அறுபது வருடம் ஆகியிருக்கிறது. துணைக்கு ஆள் உண்டு என்று நீங்கள் சொன்னால் அது யார் என்பதுதான் என் அடுத்த கேள்வி.

குடிசைக்குப் பதிலாகக் கட்டிக் கொடுத்த எங்கள் எஸ்.ஆர்.ஏ. கட்டடத்தில் நாலாவது மாடியில் ஒரு சிறுமி இருக்கிறாள். ஏழு வயது. உங்கள் அறிவிப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த மறுநாள் அவள் அம்மா என்னிடம் வந்து, 'அக்கா, நீங்க எப்படி ஃபேமஸ் ஆனீங்கன்னு பிள்ளைக்குச் சொல்லித் தாங்க' என்று கேட்டாள். 3,500 ரூபாய்க்குச் சீட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுக்கப் போகிறாளாம். சிறுமி என் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். 'கண்ணைச் சிமிட்டாம வச்சிருந்தா தண்ணி வரும் அக்கா, பாருங்க' என்றாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. 'நல்லா அழறேனா?' என்று கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

2020 ஊரடங்கில் வீடு வீடாக அரிசி கொண்டுவந்து கொடுத்தவர்கள் நீங்கள். என் தம்பி மகளுக்கு இன்றைக்கும் நோட்டுப் புத்தகம் சங்கத்திலிருந்துதான் வருகிறது. அந்த உரிமையில் கேட்கிறேன்.

பதினான்காம் பக்கத்தில் இருப்பதை அப்படியே எடுத்துவிடுங்கள். என் கதை வேண்டுமென்றால் இந்த மடலில் இருப்பதைச் சுருக்கிப் போடுங்கள், சுருக்கியதை அச்சுக்கு முன் எனக்குக் காட்டுங்கள். 'ஒரே டேக்' என்ற சொல்லும் ஸ்ரீதேவியின் பெயரும் அதில் வரக்கூடாது. இரண்டுக்கும் சம்மதம் இல்லை என்றால் பக்கத்தை விளம்பரத்துக்குக் கொடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

தேர்வை இப்போதைக்கு நிறுத்துங்கள். நடத்தியே ஆக வேண்டும் என்றால் ஆட்சியர் அனுமதியை வாங்கி, அதன் நகலைச் சங்க அலுவலக வாசலில் ஒட்டிய பிறகு நடத்துங்கள். நுழைவுக் கட்டணமும் வேண்டாம், ஆல்பப் பணமும் வேண்டாம். இதுவரை கட்டியவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள். அந்தேரியிலிருந்து வருகிறவர்கள் யார், எந்த நிறுவனம், எந்தப் படம் அல்லது விளம்பரத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்பதைப் பெற்றோருக்கு எழுத்தில் கொடுங்கள். கொடுக்க மாட்டேன் என்கிற ஆளை மேடையில் ஏற்றாதீர்கள்.

ஐந்து மணி நேரம், 20 சதவீதம், பள்ளி, படிவம் 'சி' என்று நான் மேலே எழுதியிருப்பதைத் தமிழிலும் இந்தியிலும் ஒரு பக்கமாக அச்சிட்டு, வருகிற ஒவ்வொரு பெற்றோர் கையிலும் கொடுக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 அதில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். எழுதிக் கொடுக்கும் வேலையை நான் செய்கிறேன், அச்சுக்கூலியையும் நானே தருகிறேன். அப்புறம் அந்தப் 'பொறுப்பல்ல' வரி. அதை எடுத்துவிட்டு, குழந்தைகளுக்குப் பொறுப்பாக இருக்கப் போகிற குழுவினர் இரண்டு பேரின் பெயரையும் எண்ணையும் அங்கே போடுங்கள். அந்த இரண்டில் ஒன்று பெண்ணாக இருக்க வேண்டும்.

எனக்குப் பொன்னாடை போர்த்துவதாகச் சொன்னீர்கள். இவை நடந்தால் வருகிறேன், மேடையில் பேசவும் செய்கிறேன். நடக்காவிட்டால் வாசலில் நின்று, வருகிற பெற்றோரிடம் இதையே சொல்லிக்கொண்டிருப்பேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், முன்கூட்டியே தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

பதிலை வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படமாக அனுப்பாதீர்கள். மலர் அச்சுக்குப் போவதற்குள், ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு வந்து சொல்லுங்கள். காலையில் இட்லிதான், அம்மா ஊற்றுவாள். அந்த லைட்காரரின் வாயால் நான் கேட்டதை அவளும் தட்டிக்குப் பின்னால் நின்று கேட்டவள். உங்களுக்குச் சந்தேகம் ஏதாவது இருந்தால் அவளிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் மலரின் பதினான்காம் பக்கத்தில் இருப்பவள்
தாராவி, மும்பை